மெதுவாகக் கேளுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்

தாலுகா ஆபீஸ் வாசலிலும் பஸ் ஸ்டாண்டு எதிரிலும் பள்ளிக்கூடத் தெருமுனையிலும் ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டர், இ-சேவை மையம் நடத்திவரும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. 19 வருடமாக இதே ஊர்தான். உங்களில் நாலைந்து பேர் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் படித்தாலும் சரி, உங்கள் ஊரிலும் நிலைமை இதுவாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியில் பருப்பு வடை வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால், எண்ணெய் ஊறிய அந்தத் தாள் ஒரு சாதிச் சான்றிதழின் நகல். மை கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓரம் கறுப்பாக விழுந்த பிரிண்ட். வீணாய்ப் போனது என்று நீங்கள் ஓரமாகப் போட்டு, மூட்டையோடு பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து வடைக் கடைக்கு வந்திருக்கும். பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு, சாதி எல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. அந்தப் பெண் என்னிடம் படித்தவள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

தாளை அடுப்பில் போட்டு எரித்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? இன்னும் எத்தனை தாள் எந்தெந்தக் கடையில் தொங்குகிறதோ என்ற பயம்தான் மிஞ்சும். இதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் கடை என்று அன்று இரவே தோன்றியது.

கோபத்தில் எழுதவில்லை, நம்புங்கள். நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு காகிதமும் நகராது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் சனங்கள் உங்களிடம்தான் வருகிறார்கள். உதவித்தொகைக்குக் கடைசி நாள், சர்வர் படுத்துவிட்டது, இரவு 10 மணிவரை கடையைத் திறந்து வைத்து என் பிள்ளைகள் 11 பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த தம்பியை எனக்குத் தெரியும். கடைசி நாலு பேரிடம் அவர் காசே வாங்கவில்லை. ஊரின் பிறந்த தேதியும் சாதியும் வருமானமும் பேங்க் கணக்கும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. வேறு யாரிடமும் காட்டாததை உங்களிடம் காட்டுகிறார்கள். வேறு வழி இல்லாததால் பாதி, உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால் பாதி.

முதலில் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் ரொம்ப நாளாக உறுத்துகிறது.

கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நீங்கள் திரையைப் பார்த்தபடியே, "என்ன கம்யூனிட்டி? எம்பிசியா, எஸ்சியா? உட்பிரிவு என்ன?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அது கீழ்நோக்கி விரியும் பட்டியலில் ஒரு வரி. நின்றுகொண்டிருக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். யார் யார் நிற்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறாள். பிறகு உங்கள் பக்கம் குனிந்து மெல்லச் சொல்கிறாள். மிஷின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்கிறீர்கள். நான் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டில் சாதியைச் சொல்லாமல் குடியிருக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரின் மச்சான் அதே வரிசையில் நிற்கலாம்.

சாதி மட்டுமா? ஆதரவற்ற விதவைச் சான்று வாங்க வரும் பெண்ணிடம் வீட்டுக்காரர் எப்போது, எப்படி இறந்தார் என்று எல்லார் முன்னாலும் கேட்கிறோம். கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்று வாங்க வருகிறவளிடம், எத்தனை வருடமாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். அவள் அதைத் தன் அக்காவிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா ஒரு வேலை செய்கிறார். விண்ணப்பத்தில் வரும் கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக அடித்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதை நிரப்பித் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, காதோடு கேட்டு அவரே எழுதிக்கொள்கிறார். டைப் செய்து முடித்ததும் அந்தத் தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். தவறாக டைப் ஆவதும் இதனால் குறைந்துவிட்டது என்கிறார். அந்த அக்காவின் கடையில் கணினித் திரை சுவரைப் பார்த்து இருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது, உங்கள் கணினிக்குள் இருப்பவை. கடைக்கு ஒருமுறை பிரிண்ட் எடுக்கப் போனபோது, என் கோப்பைத் தேடச் சொல்லி மவுஸை என் கையில் கொடுத்தார் ஒரு தம்பி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் கோப்புகள். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்து மனு. நான் யாரென்று கேட்காமலே ஊரின் பாதி அலமாரியைத் திறந்து காட்டியது போல இருந்தது. கடைக்கு வரும் யாரும் ஒரு பென் டிரைவைச் செருகி அத்தனையையும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன என்பது உங்களுக்கே மனப்பாடம்: ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்து, பிறகு பிறந்த வருடம். கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரைப் போட்டுச் சேமித்திருக்கிறீர்கள். மீதி இருப்பது வருடம் மட்டும்தான். அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையா? ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இணைய மையங்களில் ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் அந்தக் கணினியிலிருந்து அடியோடு அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம். அந்த வரி ஒன்றாவது நின்றிருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது: கடையைச் சாத்துவதற்கு முன் டவுன்லோட்ஸைக் காலி செய்யுங்கள். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துத்தான். ஸ்கேன் செய்தவை தனி ஃபோல்டரில் விழும், அதையும் பாருங்கள். பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றில் உள்ளே ஹார்டு டிஸ்க் உண்டு. நகலெடுத்ததும் ஸ்கேன் செய்ததும் அதில் தங்கியிருக்கலாம். மிஷினை மாற்றும்போதும் விற்கும்போதும் சர்வீஸ்காரரிடம் சொல்லி அதைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, மெயில் ஐடி. "மெயில் இல்லையா? சரி விடுங்க, கடை மெயிலையே போட்டுடறேன்" என்பது உதவியாகத்தான் தோன்றும். என் பழைய மாணவன் ஒருவனுக்கு அப்படித்தான் ஒரு கடையில் தேர்வு விண்ணப்பம் போட்டார்கள். மெயில் கடையுடையது, செல் நம்பரும் கடையுடையது. ஆறு மாதத்தில் அந்தக் கடை மூடிவிட்டது. ஹால் டிக்கெட் எடுக்கப் பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு மாற்ற ஓடிபி வேண்டும், ஓடிபி போகிற எண் யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த வருடம் அவன் தேர்வு எழுதவில்லை. அவன் அப்பா கல்லுடைக்கிறவர். ஒரு வருடம் என்பது அந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

மெயில் இல்லாதவருக்கு அவர் போனிலேயே ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். அதற்குக் கூடுதலாக 30 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாஸ்வேர்டை நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். மறந்துவிட்டு வந்து உங்களையே கேட்பார்கள் என்பதால்தான் எழுதுகிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த நோட்டு மேசை மேல் கிடக்கிறது. கடையில் வேலைக்கு வரும் பையன்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கச் சொல்லி, அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளின் போன் நம்பர் பற்றி எழுதத் தயங்கினேன். எழுதாமல் விட்டால் பாதி மடல்தான். "வாட்ஸ்அப்பில் அனுப்பிடும்மா" என்றதும் பிள்ளை அனுப்புகிறாள். அவள் நம்பரும், அவள் முகம் இருக்கும் டிபியும், அவள் ஆதாரில் உள்ள முகவரியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. இரவு ஒன்பதரைக்கு "ஹாய்" என்று வருகிறது. கடைக்காரர் அனுப்பியது இல்லை, கடையில் உட்கார்ந்திருந்த யாரோ. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் என்னிடம் அழுதாள். வீட்டில் சொன்னால் போனையே பிடுங்கிவிடுவார்கள், கல்லூரிக்கும் அனுப்ப மாட்டார்கள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அந்தக் கடைப் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவரிடம் நேரில் பேசினேன். அவர் உண்மையிலேயே பதறிப் போனார். இப்போது கடை வேலைக்கென்று தனி போன் வைத்திருக்கிறார். அது கல்லாப் பெட்டி பக்கத்தில் இருக்கும், வேறு யாரும் தொடக்கூடாது. செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி வைக்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறார். கேலரியில் வந்து விழுந்த படங்கள் அதனால் போகாது. அவற்றைத் தினமும் தனியே அழிக்க வேண்டும். அழிக்கிறார்.

அதேபோல், பூட்டுத் திறந்த போனை வாங்கி "நானே அனுப்பிக்கிறேன்" என்று கேலரிக்குள் போகாதீர்கள். பிள்ளையே தேடி எடுக்கட்டும். இரண்டு நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

சரி, ஆதாருக்கு வருகிறேன். முதல் 8 இலக்கம் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். பதிவிறக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டால் போதும். எங்கள் சனங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு அதை எடுத்துக் கொடுங்கள். லாட்ஜில் அறை எடுக்க, வாடகை ஒப்பந்தத்துக்கு, வேலை கேட்டுப் போகும் இடத்துக்கெல்லாம் 12 இலக்கமும் எதற்கு? ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்போது, குறுக்கே "இன்ன வேலைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். அந்த நகலை வைத்து இன்னொருவர் சிம் வாங்கவோ கடன் வாங்கவோ நினைத்தால் அந்த எழுத்து தடுக்கும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி, ஆதார் நகலின் கீழே கைநாட்டு வைத்துத் தருகிறார். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் ஒரே தாளில். ஊருக்குள் வந்து சின்ன மிஷினில் விரல் வைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறார்களே, அதற்குத் தேவைப்படுவது என்ன? ஆதார் எண், பேங்கின் பெயர், விரல் ரேகை. பின் நம்பர் இல்லை, ஓடிபி இல்லை. 2023இல் வேறு மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து, சிலிக்கோன் ரப்பர் போன்ற பொருளில் அச்சு வார்த்து, இந்த முறையில் பணத்தை எடுத்த மோசடிகள் செய்திகளில் வந்தன. பாட்டியின் தாளில் அதற்கு வேண்டியது கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது. அந்தத் தாள் கெட்டுப்போய் உங்கள் குப்பைக் கூடையில் விழுந்தால், அதுவும் பொட்டலத் தாளாகப் போய்விடும்.

கைநாட்டு வைக்கிறவர்களுக்கு எண் மறைத்த ஆதாரையே எடுத்துக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பத்திர நகல் எடுக்கும்போது ரேகைப் பக்கம் தேவையா என்று ஒருமுறை கேளுங்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. விரும்புகிறவர்களுக்குச் செய்து கொடுங்கள். ஆனால் ரேஷன் கடையில் ரேகை வைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் திறக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் அரிசி வாங்கப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு ஜெராக்ஸ் கேட்பது நீங்கள் இல்லை, ஆபீஸ்கள் என்று சொல்வீர்கள். அது உண்மை. ஆன்லைனில் ஏற்றிய அதே ஆதாரை, மறுபடி இரண்டு செட் நகல் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்புகிற அலுவலகங்கள் இருக்கின்றன. எங்கள் பள்ளியும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் தலைமை ஆசிரியரிடம் பேசி, சேர்க்கைக்கு அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மாற்றியிருக்கிறோம். பீரோவில் 10 வருட நகல் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தம் 86ஆவது வயதில் ஆதாரை எதிர்த்து ஒரு வழக்குத் தொடுத்தார். அதில்தான் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னார்கள். அந்த உரிமை வடைப் பொட்டலத்தில் பெயர் வந்த பெண்ணுக்கும் உண்டு. இன்னொருவரின் அடையாளத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. உங்கள் கணினியிலிருந்து எவனோ எடுத்துச் செய்திருந்தாலும், விசாரணை முதலில் உங்கள் கடைக்குத்தான் வரும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். காகிதத்தோடு நின்றுவிடும் நகலை அந்தச் சட்டம் தொடவில்லை. அதனால் குப்பைக் கூடையில் விழும் தாள் முழுக்க உங்கள் மனசாட்சியின் பொறுப்பில் இருக்கிறது. பிரவுசிங்குக்கு வருகிறவர்களின் அடையாள நகலை ஓர் ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று இணைய மையங்களுக்கான 2011 விதிகள் சொல்கின்றன. அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மற்ற வீண் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டால் மறுநாள் கூழாகிவிடும். பேப்பர் கடையில் எடைக்குப் போடும் காசு போகும்தான். ஒரு மாத மூட்டைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "டீச்சர், அது டீச் செலவுக்குக்கூட வராது" என்றார்.

யாருக்காவது பணம் போய்விட்டது, பெயரில் தெரியாத கடன் இருக்கிறது என்று உங்களிடம் ஓடி வந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுக் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கும். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். சந்தேகப்படுகிறவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் உதவித்தொகை வேலை தொடங்கிவிடும். என் வகுப்பில் 42 பேர். வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு, பெயர், சாதி, வருமானம், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் நானே ஒரு தாளில் எழுதி, மடித்துக் கொடுத்து அனுப்புகிறேன். "டீச்சர் கொடுத்தாங்க" என்று நீட்டுவார்கள். வாய்விட்டுப் படிக்காமல் பார்த்து டைப் செய்யுங்கள். முடிந்ததும் அந்தத் தாளை மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். திருப்பி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கடை வழியே தினமும் பள்ளிக்குப் போகும் ஒரு டீச்சர்